உறை

கெமியார்வி நகராட்சி முதியோர் இல்லத்தில்
புதிதாய்ச் சேர்பவர்க்கு நான்கு பக்கப் படிவம்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி:
இவர் எப்படிப்பட்டவர்? சில சொற்களில் எழுதவும்.
கீழே இரண்டே கோடு.

ரையா பேனாவை மூடியோடு பிடித்திருந்தாள்.
அவள் அப்பா என்சியோ சன்னலோரம்,
கோட்டுப் பொத்தான் ஒன்றும் கழற்றாமல்,
அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பவர் போல.
நாற்பத்தொரு குளிர்காலம்
பனி வழிக்கும் வண்டி ஓட்டியவர்.

குளிர்ந்தவர் என்று எழுதினாள், அவள் மொழியில்.
எனக்கு அதில் குற்றமே தெரியவில்லை.
வெயிலில் வெந்த மொழி என்னுடையது.
கண் குளிரப் பார்ப்போம், வயிறு குளிர வாழ்த்துவோம்,
மனம் குளிர்ந்தால் வரமே தரும் எங்கள் சாமி.
அது வசவு என்று விளங்க
ஒரு நிமிடம் பிடித்தது.

அடித்துவிட்டாள்.
தொலைவானவர் என்று எழுதினாள்.
அதையும் அடித்தாள்.
"தொலைவு என்றால் வழி இருக்கணும்" என்றாள்,
என்னிடமா, படிவத்திடமா, தெரியாது.
"விடியுமுன் ஊர்ப்பாதையெல்லாம் திறந்துவிடுவார்.
வழித்த பனியை எங்கள் வாசலில்
இடுப்பளவு ஒதுக்கிவிட்டுப் போவார்.
அம்மா மண்வெட்டியோடு நிற்பாள்.
எல்லா வாசலிலும் அப்படித்தான் ஒதுங்கும், தெரியும்.
எங்கள் வாசலிலும் அப்படியே ஒதுக்கினார்,
அதைத்தான் சொல்கிறேன்."

சன்னலோரத்தில் அசைவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்,
என்னிடமும் சொற்கள் கிடந்தன:
ஒட்டாதவர். முகங்கொடுக்காதவர். அழுத்தக்காரர்.
பட்டும் படாமலும் பேசுபவர், பேசினால்.
எதுவும் பொருந்தாவிட்டால்
இருக்கவே இருக்கிறது கல்.
ஆனால் எங்கள் ஊர்க் கல்லை நம்ப முடியாது,
ஒரு பாட்டுக்கே கரைந்துவிடும்.

கடைசியில் அவள் எழுதியது: துப்பிசூ.
இவர்கள் பேச்சுவழக்கு.
துப்பி, கத்தியின் உறை. சூ, வாய்.
வாயை உறையிலிட்டவர்.
உள்ளே கத்தி இருக்கிறதா,
உறை மட்டும்தானா
என்று எவரும் உருவிப் பார்த்ததில்லை.
படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

இரவுப் பணி முழுக்க
அந்தச் சொல்லோடு இருந்தேன்.
தலையணைக்குப் போட்டதும் உறை.
கடிதத்துக்கும் உறை.
ஏரி இறுகிக் கிடப்பதும் உறைந்துதான்.
ஓரிடத்தில் குடியிருந்தாலும் உறைவதுதான்,
கடவுளுக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைத்த சொல்.
பாலில் விடும் மோர்த்துளியும் உறை;
சூடு மிஞ்சினால் திரியும்,
ஆறிப்போனால் தோயாது,
விரல் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றணும்.
ஓர் எழுத்து மாறினால் உரை, பேச்சு.
இந்த இரண்டு எழுத்துக்காகப்
பள்ளியில் எவ்வளவு அடி.
மூன்று மணிக்கு என்சியோ அறையை எட்டிப் பார்த்தேன்.
விழித்திருந்தார். கோட்டோடு.
கழற்றட்டுமா என்று கேட்டேன்.
மேல் பொத்தானை மட்டும் விடுவித்துக்கொண்டார்.

ரையா ஞாயிறு விட்டு ஞாயிறு வருகிறாள்.
நாற்பது கிலோமீட்டர்.
நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு
அதே சன்னலைப் பார்க்கிறாள்.
கோட்டைக் கழற்றுவதில்லை.
காப்பி இரண்டு கோப்பை வைப்பேன்,
இரண்டும் ஆறும்.

சென்ற ஞாயிறு, மஞ்சள் விளக்கு சுழல
வெளியே பனிவண்டி ஒன்று போனது.
"பிளேடை உயரமா வச்சிருக்கான்" என்றார் என்சியோ.
வண்டி போய், விளக்கும் போய்,
வழித்த இடத்தில் மறுபடி வெள்ளை படிந்த பிறகு
"ஆமாம்" என்றாள் ரையா.

அவள் கிளம்பியதும் பதிவேட்டை நான் நிரப்பணும்.
வந்த நேரம், போன நேரம்.
உரையாடல்: உண்டு / இல்லை.
கொஞ்ச நேரம் பேனாவை மூடியோடு பிடித்திருந்தேன்.

உண்டு.