உதைக்கிற கணக்கு

புவெர்த்தோ மோன்த்தில் மழை
வருஷத்தில் பாதி நாள் வேலைக்கு வரும்.
மீதிப் பாதிக்கும் சேர்த்து நான் வருவேன்.

சால்மன் மீனைத் துண்டுபோட்டு
ஜப்பானுக்கு அனுப்பும் கம்பெனி.
கத்திகள் கீழே. மாடியில்
என் மேசை, இழுத்து இழுத்து அச்சடிக்கும் பிரிண்டர்,
அறுபத்திரண்டு எக்ஸ்டென்ஷன்கள்.

யார், எந்த எண்ணுக்கு, எத்தனை நொடி:
ஓரம் துளையிட்ட தாளில்
எல்லாவற்றையும் கக்கிவிடும் பெட்டி.
மாதக் கடைசியில் தொலைபேசிக்காரர்கள் பில் வரும்.
இரண்டையும் ஒட்டி வைத்து
அடிக்கோலை நகர்த்தியபடி வரிவரியாய் இறங்குவேன்.

ஒசாக்காவோடு பேசியது விற்பனைக் கணக்கில்.
முதலாளி ஷ்வெர்த்தர் பல் வைத்தியரோடு பேசியது
நிர்வாகச் செலவில்.
என்னுடையதும் உண்டு, பதினேழு நிமிடம்,
எழுதுபொருளில் ஒளிந்திருக்கிறது.

எந்த மணிக்கு எந்த மூன்று இலக்கம் மலிவு என்று
பட்டியல் போட்டு ஒவ்வொரு போனிலும் ஒட்டியவள் நான்.
ஒருவரும் பார்ப்பதில்லை.

மே மாதம் கணக்கு உதைத்தது.

எக்ஸ்டென்ஷன் 48. பின்வாசல் எடைமேடை.
இரவு பதினொன்று ஐம்பது வாக்கில்
காஸ்த்ரோவில் ஓர் எண்.
ஒன்பது நிமிடம். மறுநாள் ஏழு.
காற்று கூரைகளைப் பிடுங்கிய இரவில் இருபத்திரண்டு.
மலிவான மூன்று இலக்கம்தான் போட்டிருந்தது,
அறுபத்திரண்டில் இது ஒன்றுதான்.
என் தாளில் எல்லாம் பெசோ சுத்தமாக.
அவர்கள் பில்லில் ஒரு வரி இல்லை.

‘கேட்காத கடனை நாமே ஏன் நினைவூட்டணும்,
விடு நெலிதா’ என்றார் ஷ்வெர்த்தர்.
எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

பெட்டி பொருத்திய பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
‘அந்தப் பக்கம் எடுத்தார்களா என்று
இதற்குத் தெரியாது, செனோரா.
நாற்பது நொடி தாண்டினால்
எடுத்ததாக வைத்துக்கொள்ளும்.’

வைத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் இருபத்திரண்டு நிமிடமும்
வெறும் மணி.

இறங்கிப் போனேன்.
பவுதீலியோ சிகுவாய், ரப்பர் பூட்ஸ்,
தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:
‘வீடு தண்ணிமேல நிக்குது, கட்டைக்கால்ல. ஆள் இல்ல.
மணி போனா கம்பி இருக்கு.
கம்பி இருந்தா சுவர் இருக்கு.
போனை மாட்டியிருக்கறது சுவர்லதானே.’

அதற்கு ஒரு மணி போதுமே என்றேன்.

லாரி ஒன்று வந்தது.
அது போன பிறகு இன்னொன்று.

ஜூனும் அப்படியே.

ஜூலை பில்லில், பதினான்காம் தேதி,
23:52, காஸ்த்ரோ, ஒரு நிமிடம்,
தொண்ணூற்று நான்கு பெசோ.
ஒரு நிமிடம் என்றால்
இரண்டு நொடியாகவும் இருக்கலாம்,
முழுதாக்கித்தான் வசூலிப்பார்கள்.
என் தாளில் அதே எண், அதே இரவு, நான்கு நிமிடம்.
அதன்பின் 48-லிருந்து ஒன்றும் இல்லை.

பில்லை எடுத்துப்போய்க் காட்டினேன்.
ஒரு வரியைப் படிக்க ஆகும் நேரத்தைவிட
ரொம்ப நேரம் படித்தார்.
‘யாரோ எடுத்தாங்க.’
‘யார்?’
‘மூச்சு வாங்கற சத்தம். ஓடிவந்து எடுத்த மாதிரி.’
‘நீங்க என்ன சொன்னீங்க?’
‘வெச்சுட்டேன்.’

சொந்த அழைப்பு ஊழியர் தலையில்,
விதி நான் எழுதியதுதான்.
நூறு பெசோ நாணயம் ஒன்றை மேசையில் வைத்தார்.
ஆறு பெசோ மீதி கேட்டார்.
ரசீதும் கேட்டார்.

‘விவரம்’ என்ற கட்டத்தில் என் பேனா நின்றது.
‘பதில் வந்ததுன்னு போடு.’

போட்டேன். முத்திரை குத்தினேன்.
மடிக்காமல் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு
மழையில் போனார்.

மே, ஜூன் இன்னும் உதைக்கிறது.
நேர் செய்ய ஒரு பேனாக் கோடு போதும்.
ஐநூற்றுச் சொச்சம் நிமிடங்கள்,
காஸ்த்ரோவில் யாரோ எடுத்ததாகவே
என் தாளில் இருக்கின்றன.
தணிக்கைக்காரர் செப்டம்பரில் வருவார்.