ஐந்து ராப்பன்

திரையில் இரண்டு கூட்டம்.
இடப்பக்கம் நோயுற்ற ஈரல்கள்,
வலப்பக்கம் நலமானவை,
நடுவே ரைன் ஓடும் அளவுக்கு இடைவெளி.
இருபதாயிரம் மரபணுக்களை
இரண்டே அச்சில் மடித்துவிட்ட களிப்பில்
காப்பி ஆறியதை நான் கவனிக்கவில்லை.

உர்சினா எட்டிப் பார்த்தாள்.
"இந்தப் பக்கம் செவ்வாய்க்கிழமை" என்றாள்.
"அந்தப் பக்கம் வியாழன்.
அன்று எனக்குக் காய்ச்சல், ரேட்டோதான் பிரித்தெடுத்தான்,
புதுப் பெட்டி உடைத்து."

அப்படியானால்
மூன்று மாதமாய் நான் கண்டுபிடித்தது
கிழமையை.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம்
புள்ளியியலில் இல்லை.
பாசெல் பாலத்தடியில் நீந்துபவை
ரொட்டிக்கு வருபவை.

உறைபெட்டியில் இன்னும் நாற்பது குழாய் மிச்சம்.
உர்சினாவின் பையில் ஓர் ஐந்து ராப்பன்:
பிராங்கில் இருபதில் ஒரு பங்கு,
தற்செயலுக்கென்று
நாங்கள் எப்போதும் ஒதுக்கிவைக்கும் அதே பங்கு.

பூவா தலையா?
சுண்டுகிறாள்.
தலை விழுந்தால் செவ்வாய்.
மேசைக்கடியில் உருண்டோடியதைத்
தேடி எடுத்து மறுபடி சுண்டுகிறாள்.
நான் குறித்துக்கொள்கிறேன்,
யார் ஈரல் என்று பாராமல்.

பதினேழாவது குழாய்: பூ.