காற்று வெட்டும் இடம்

மூன்று வருடமாய்க் காய்க்காத தேசியை
அலவாங்கு போட்டு நெம்பினோம்,
குணநாயகியும் நானும்.
மரம் அவளுடையது.
கண்டு விற்றவள் நான்.

வேர் வெளியே வந்து விழுந்தது
பெயின்ற் வாளியின் வடிவத்தில்.
நட்ட அன்றே வாளியைக் கிழித்து எறிந்தவள் அவள்;
மரத்துக்கு யாரும் சொல்லவில்லை.
சுற்றி, சுற்றி, பிறகும் சுற்றி
தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.
நாலு புறமும் கோண்டாவில் செம்மண்,
கொத்திப் புரட்டி எரு போட்ட மண்,
ஒரு வேரும் எட்டிப் பார்க்கவில்லை.

"காசைத் தாறியோ, கண்டைத் தாறியோ?"
கண்டுதான் என்றேன்.
ஐப்பசி மழை மட்டும் பொறு.

திருநெல்வேலிச் சந்தையில்
தக்காளி வந்து இறங்கிய கூடைகள்,
கைபிடி உடைந்தது நூற்றைம்பது ரூபா.
உள்ளே நிழல்வலைத் துண்டு.
தும்புத்தூள், ஆட்டெரு, மேலே கொஞ்சம் மண்.
நிலத்தில் வைக்கக்கூடாது,
இரண்டு கல்லில் ஏற்றி வை,
அடியாலும் காற்று நுழையட்டும்.

மச்சான் வேலிக்கு மேலால் சிரித்தான்:
"அரிதட்டுக்குள்ளயோ பயிர் வைக்கிறாய்?"
ஊற்றிய தண்ணீர் எல்லாப் பக்கத்தாலும் ஓடியது.
அவன் சொன்னதில் பொய்யில்லை.

வைகாசியில் சோளகம் எழும்பியது.
விடிய ஒருக்கால், பின்நேரம் ஒருக்கால்
மோட்டர் இரைந்தது.
கரண்ட் பில்லை அரிசிப் பானைக்குக் கீழே வைத்தேன்,
பார்க்காமல் இருக்க.
பதினாலு கண்டு காய்ந்தது.

ஆவணியில் ஒரு கூடையைப் பிரித்தேன்.
வலைக்கண்ணுக்கு வந்த ஒவ்வொரு வேர்நுனியும்
காற்றுப் பட்ட அந்த இடத்திலேயே
கறுத்து நின்றது,
எரிந்த தீக்குச்சித் தலைபோல.
ஒரு விரல் உள்ளே
அதே வேர் ஐந்தாய், ஏழாய்,
எண்ண முடியாத வெள்ளை மயிராய்ப்
பிரிந்து போயிருந்தது.
சுற்றியது ஒன்றுமில்லை.
கத்தி வைத்தவர் எவருமில்லை.

இந்த இடத்தில் ஒரு உவமை
கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.
மூன்று முகாம்களில் படுத்தெழும்பியவள் நான்,
எனக்குத் தெரியாதா.
எடுக்கவில்லை.
வெட்டுப்பட்ட ஆட்கள் எல்லாரும்
கிளைத்ததாய் எனக்கு நினைவில்லை.
வேர் வேர்தான். தேசி தேசிதான்.

முதல் மழைக்கு அடுத்த நாள் குணநாயகி வந்தாள்.
கண்டைக் குனிந்து பார்த்தாள், இலையைக் கசக்கி மணந்தாள்,
கூடை ஓட்டைக்குள் விரலை விட்டாள்.
"இதுவும் மூண்டு வருசமோ?"
"தெரியாது. வேர் மட்டும் நல்லது."

ஸ்கூட்டியில் கால் வைக்கும் தட்டில் ஏற்றி
இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டாள்.
தெரு முடக்கு மட்டும்
அவளுடைய மடியில் இலைகள் ஆடின.
கத்திச் சொன்னேன்:
நட்டதும் கூடையைக் கொண்டுவந்து தா,
நூற்றைம்பது ரூபா அது.