புகை, ஆயிரத்துக்கு இவ்வளவு

ஒகினாமித் துறைமுகத்தில் அச்சகம் ஒன்றுதான்.
மேயர் தேர்தலில் நின்ற இருவருக்குமே
சுவரொட்டி அடித்தது நாங்கள்.
அது பகலில்.

இரவில் வந்த தாளின் கீழே
எந்தப் பெயரும் இல்லை.
கொண்டுவந்தவர் உறையை மேசையில் வைத்துவிட்டு
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார்.
படத்தில் வேட்பாளர் குரெமாட்சு ஷிஹோகோ,
வெந்நீர் விடுதி வாசலில்
ஒரு ஆணின் கையைப் பிடித்தபடி.
யார் இவர்? அவ்வளவுதான் வாசகம்.
கேள்விக்குறியை மட்டும்
பெரிதாக்கச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஆளை எனக்குத் தெரியும்.
ஷிஹோகோவின் அண்ணன். பக்கவாதத்துக்குப் பின்
இடது காலை இழுத்து நடப்பவர்.
கைத்தடி ஊன்றிய பக்கத்தை
யாரோ வெட்டியிருந்தார்கள்.
விளிம்பு அத்தனை சுத்தம்.
தொழில்காரனாக அதை ஒரு கணம் ரசித்தேன்
என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பார்கள்.
புகையும்.
ஆயிரம் தாளுக்கு நாலாயிரத்து இருநூறு யென்,
மடித்துக் கொடுத்தால் எண்ணூறு கூடுதல்.

மடித்தவள் மியோகோ. ஏழாம் மாதம்.
வயிறு மேசையில் இடிக்கிறதென்று
பக்கவாட்டில் நின்று மடித்தாள்.
பாதியில் நிறுத்தி,
"பிரசவ வார்டை மூடுவது பற்றி
இதில் ஏதாவது இருக்கிறதா?" என்றாள்.
புரட்டிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெள்ளை.

டிசம்பர் கடைசியில் மூடுகிறார்கள்.
அடுத்த ஆஸ்பத்திரி
கணவாய்க்கு அந்தப்புறம்,
எண்பத்துமூன்று கிலோமீட்டர்.

பிரசாரத்துக்கு ஏழே நாள்.
மூன்றாம் நாள் ஒரு கரடி
மலையிறங்கி சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தது.
இறைச்சிப் பகுதியில் பதினோரு மணி நேரம் படுத்திருந்தது.
இந்த ஊர் இருப்பதையே மறந்திருந்த தொலைக்காட்சிகள்
ஐந்து வண்டிகளில் வந்து இறங்கின.
ஒலிபெருக்கி வண்டியின் மேல்
வெள்ளைக் கையுறையோடு நின்றவரிடம்
மைக்கை நீட்டிக் கேட்டார்கள்:
கரடியைச் சுடலாமா, கூடாதா?

முதலில் யாருக்கும் அடிபடக் கூடாது, என்றார்.
பிறகு வார்டைப் பற்றிப் பேசினார்.
அந்த இரண்டாம் பகுதி
எந்தச் சேனலிலும் வரவில்லை.

அன்றிரவே அடுத்த தாள்.
கரடியின் பக்கமா, குழந்தைகளின் பக்கமா?
மேலே அவர் முகம், வாய் பிளந்து,
கத்துகிறவர் போல.
நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன்.
அந்த நொடியில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது
எண்பத்துமூன்று என்ற எண்ணை.
படத்துக்கு ஏது காது?
ஆறாயிரம் பிரதி. மடித்தே கேட்டார்கள்.

வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது.
மீன் ஏலத்தில் கரடி,
முடிதிருத்துகிற கடையில் விடுதி வாசல்,
குளியல் கூடத்து நீராவிக்குள் இரண்டும் கலந்து
கரடியோடு விடுதிக்குப் போனதாகவே
ஒருவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.
நானும் சிரித்தேன்.
எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு
முதுகு தேய்த்துவிட்டபடி.

இங்கே வாக்குச்சீட்டில் முத்திரை இல்லை;
பென்சிலால் பெயரை எழுத வேண்டும்.
தடுப்புக்குள் நின்றேன்.
நகக்கண்ணில் மை.
அவர் பெயரை எத்தனை ஆயிரம் முறை
அச்சில் ஏற்றியிருப்பேன்,
எழுதக் கை வரவில்லை.
மற்றவர் பெயருக்கும் வரவில்லை.
கடைசியில் எழுதினேன்:
எண்பத்துமூன்று கிலோமீட்டர்.
மடித்துப் பெட்டியில் போட்டபோது
பெரிய காரியம் செய்தவன் போல இருந்தது.

நாற்பத்தோரு ஓட்டில் தோற்றார்.
செல்லாதவை அறுபத்திரண்டு.
எண்ணிய இடத்தில் இருந்த நண்பன் சொன்னான்:
எவனோ ஒருத்தன் தூரம் எழுதிப் போட்டிருக்கிறான்,
எழுத்து மட்டும் அச்சு மாதிரி.

திங்கள்கிழமை கரடியைச் சுட்டார்கள்.
வண்டிகள் கிளம்பிவிட்டன.
சுவரொட்டிப் பலகையைப் பிரித்து
லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மியோகோ வந்து,
கணவாய்ச் சாலை வரைபடம் ஒன்று வேண்டும் என்றாள்.
பனி பெய்தால் எங்கே அடைப்பார்கள்,
எந்த வளைவில் செல்போன் எடுக்காது,
எல்லாம் தெரிகிற மாதிரி.
அடித்துக் கொடுத்தேன். ஒரே பிரதி.
அவளே மடித்துக்கொண்டாள்.
கீழே எங்கள் அச்சகத்தின் பெயரைப் போட்டிருந்தேன்.