அம்பு ஸ்டிக்கர்

ஃபிரிட்ஜுக்குன்னு வெச்சிருந்த தீபாவளி போனசுல
கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வந்துட்டாரு.
பதினோரு நாளு நான் பேசலைங்க.
பால் திரிஞ்ச அன்னிக்கு மட்டும்
பாத்திரத்த அந்தக் கம்ப்யூட்டர் மேல வெச்சுட்டு
வேலைக்குப் போயிட்டேன்.

அனுப்பர்பாளையத்துல லைன் வீடு, ஒரே ரூம்பு.
எனக்குப் பகல்ல பனியன் கம்பெனியில செக்கிங்.
அவருக்கு ராத்திரி வீரபாண்டியில சாயப்பட்டறை.
எங்களுக்குள்ள சாவி மட்டும் கை மாறும்.

மிஷினுக்குள்ள துணி சுத்தற நாலு மணி நேரம்
ஆவிக்கு நடுவுல உக்காந்து போன்ல ஆடறாரு.
ஆட்டம் ஓடறது இங்க, என்ற தலைமாட்டுல.
படம் மட்டுந்தான் அங்க போவுதாம்,
விரல் மட்டும் அங்கிருந்து வருதாம்.
பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு
மெட்ராஸ் போயிச் சுத்தி வருதுன்னு சொன்னாரு.
எனக்கென்னமோ நேரா நொய்யலத் தாண்டி வர்ற மாதிரிதான்.
அன்னன்னிக்கு எந்தக் கலர்ல ஓடுதோ
அந்தத் தண்ணி மேல,
சாயம் ஒட்டாம.

ஒரு நாள் மானிட்டர அணைக்க மறந்துட்டுப் போனாரு.
தண்ணி குடிக்க எந்திரிச்சவ அப்படியே நின்னுட்டேன்.
ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால
ஒரு குதிரை தானா நடக்குது.
பனி. எங்க பாத்தாலும் பனி.
இங்க ஃபேன் சூடா ஊதுது,
அங்க அவரு வேர்வையில நனைஞ்சு நிக்கறாரு,
நடுவுல ரெண்டு பேருக்கும் பொதுவா இந்தக் குளுரு.
குதிரைக்கு டையிங் மாஸ்டர் பேரு வெச்சிருக்காரு.
நல்லாத்தான் சாட்டை வீசறாரு.

அதுக்கப்புறம் மானிட்டர அணைக்க நான் விடல.
டியூப் லைட்டுக்குக் கீழ
ஓட்டை, கறை, விட்டுப்போன தையல்னு
பகலெல்லாம் தேடற கண்ணு,
ராத்திரி குதிரையத் தேடுச்சு.
சித்த நேரம் நின்னா, உப்புப் போடப் போயிருக்காரு.
ரொம்ப நேரம் நின்னா, லாட்டு இறக்கறாரு.
ஒரே எடத்துல வட்டமடிச்சா, தூக்கம் வருது.
நான் இப்படிப் படிக்கறது அவருக்குத் தெரியாது.

போன வெள்ளி, ரெண்டே முக்கால்.
பாலத்து நடுவுல நின்ன குதிரை நின்னுட்டே இருக்குது.
ஏறி உக்காந்திருக்கறவன் தோள்ல பனி கட்டுது.
மூணு ஆச்சு. மூணே கால்.
பக்கத்துப் பட்டறையில மிஷின் மூடி தெறிச்சு
சின்னராசு மொகம் வெந்தது இந்த ஆனியிலதான்.
கூப்பிட்டா, உள்ள போன் வெச்சிருக்கறது தெரிஞ்சு
ஐநூறு ஃபைன் போடுவாங்க.
மூணு இருபது.

சட்டையில பட்டன் விட்டுப்போனா
தூரத்துல இருந்தே சொல்லிருவேன்,
இதுல எந்தப் பட்டன்னு தெரியல.
ஒண்ண அமுக்குனேன். குதிரை ஒரு எட்டு வெச்சுது.
இன்னொண்ண அமுக்குனேன்.
பாலத்துச் சுவரத் தாண்டிக் குதிச்சு
ஆத்துல விழுந்து
செத்தே போச்சு.

உடனே போன் அடிக்குது.
"ஏம்புள்ள, டையிங் மாஸ்டரக் கொன்னுட்டியே!
ரெண்டு மணி நேரம் ஆடுனது போச்சு!"
ஷேடு வரலியாம். நேவி புளூ ஊதாவாப் போச்சாம்.
நெசமான மாஸ்டர்கிட்டப் பேச்சு வாங்கிட்டு
இத்தனை நேரம் நின்னிருக்காரு.
எனக்கு வாய் வரல.
"ஏன் மூச்சு வாங்குது?"ன்னாரு.
எலி ஓடுச்சுன்னேன்.

காலையில சாவி மாத்தறப்ப
அவரு நகக்கண்ணு பூரா ஊதா.
என்ற பைக்குள்ள கைய விட்டு,
ஓட்டைத் துணிக்கு ஒட்டற சிவப்பு அம்பு ஸ்டிக்கர்
ஒண்ணே ஒண்ணு உரிச்சு
கீபோர்டுல ஒரு பட்டன் மேல ஒட்டுனாரு.
ஒண்ணும் வெளக்கல.
பல்லு வெளக்கப் போயிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி அமுக்கிப் பாத்தேன்.
குதிரை கனைச்சுது.
அப்புறம் சித்த நேரம் ஒண்ணுமில்ல,
நொய்யலத் தாண்டிட்டு இருந்திருக்கும்.
பொறவு, நான் தொடாமயே
இன்னொரு தடவை கனைச்சுது.

பாலு இன்னமும் திரியுது.