கயிற்றுக்கு ஒரு துளை

மரவாடி ரம்பத்தின் உடைந்த அலகு.
முதுநகர்ப் பழைய இரும்புக் கடையில்
எடை போட்டவர் கேட்டார்,
"இத வச்சு என்னம்மா செய்வீங்க?"
"கத்தி" என்றேன்.
காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

வாரத்தில் ஐந்து நாள்
மஞ்சக்குப்பம் கருவூலத்தில்
அடுத்தவர் ஓய்வூதியத்தில் பிழை தேடுவேன்.
சனிக்கிழமை மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டி நிழலில்
கால் ஆடும் ஒரு மேசை, ஒரு வைஸ், மூன்று அரம்.

அரம் முன்னே தள்ளினால்தான் தின்னும்,
அழுத்திப் பின்னே இழுத்தால் அதன் பல் போகும்.
இதைக் கண்டுபிடிக்க
எனக்கு இரண்டு அரங்கள் செலவு.

சிவக்கக் காய்ச்சிய அலகைக்
காந்தத்திடம் காட்டுவேன்.
காந்தம் அதைக் கண்டுகொள்ளாத கணத்தில்
டால்டா டின், கடலை எண்ணெய்.
எழும் புகைக்கு
கீழ்வீட்டு மாலினி தலை நீட்டி
"அக்கா, வடையா?" என்பாள்.

அப்புறம்தான் உண்மையில் அடுப்படி வேலை.
தோசைக்கல்லில் மணல் பரப்பி
அலகைக் கிடத்தி நிறம் பார்த்து நிற்பேன்,
அதிரசப் பாகுக்கு நிற்கும் அதே நிற்பு.
வெள்ளை, வெளிர்மஞ்சள், வைக்கோல்.
வைக்கோலில் எடுத்தால் பதம்.
அசந்தால் ஊதா, நீலம்,
அது வில்லுக்குத்தான் ஆகும்.
வில்லும் வேண்டும்தானே?
மடக்குக் கத்தியின் முதுகில் இருந்துகொண்டு
திறந்ததைத் திறந்தபடியும்
மூடியதை மூடியபடியும் வைத்திருப்பது அதுதான்.
முதல் ஏழு கத்திகளில் என் வில்
இரண்டில் ஒன்றை மட்டுமே செய்தது.

எட்டாவதால் வீட்டுக்காரர்
முந்திரிப்பழம் நறுக்கினார்.
"கரகரக்குது" என்றார்,
பழத்தை.

உறைக்குத் தோல் புதுச்சேரியிலிருந்து.
முத்தியால்பேட்டை அந்துவான்
கைப்பைக் கம்பெனிக் கழிவைச் சாக்கில் தருவார்.
முள்வேலி கீறி ஆறிய தழும்புத் துண்டுகளை
எனக்கென்று தனியே எடுத்து வைப்பார்,
பைக்காரர்கள் அவற்றைத் தொடுவதில்லை.
ஒரு நூல், இரண்டு ஊசி.
ஒரே துளைக்குள் எதிரெதிரே புகுந்து வெளியேறும்.
மெழுகு தேய்த்த நூல் விரலை அறுக்கும்.
திங்கட்கிழமை கையெழுத்தில் அது தெரியும்.

ஒன்பதாவது, எருமைக்கொம்புப் பிடி, பித்தளை ஆணி.
தேவனாம்பட்டினம் கரையில்
வலை பார்த்துக்கொண்டிருந்த அஞ்சாப்புலி
"கொஞ்சம் குடுங்க" என்றார்.
கத்தியைக் கையில் தந்தால் சண்டை வருமாம்.
மணலில் வைத்தேன், எடுத்துக்கொண்டார்.
அதற்குள் யாரோ கூப்பிட,
ஃபைபர் படகை ஆறு பேர் தள்ள,
அவரோடு கடலேறியது கத்தி.

அடுத்த ஞாயிறு
அவரும் மணலில்தான் வைத்தார்.
கொம்பில் செதில் ஒட்டியிருந்தது.
அலகெங்கும் உப்பு தின்ற புள்ளிகள்.
மூன்று வாரம் தேய்த்த பளபளப்பைப் பற்றி
நான் எதுவும் கேட்கவில்லை.
நகத்தில் வைத்துப் பார்த்தேன்.
கூர் இருந்தது.

"காத்தாடியில சுத்துன வலைய
இதாலதான் அறுத்தேன், நல்ல இரும்பு.
ரெண்டு தரம் கைய விட்டு நழுவிச்சு.
கயிறு கோக்க ஒரு ஓட்ட இல்லியே?
கழுத்துல மாட்டாம
கடல்ல யாரு கத்தி வச்சிருப்பா?"

உறை எங்கே என்றேன்.
"அதுல பீடி வச்சிருக்கேன்" என்று
இடுப்பைத் தட்டிக் காட்டினார்.
திருப்பித் தரும் யோசனை
அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இன்று சனி.
நான்கு மில்லி பிட்.
கொம்பு துளைபடும்போது
முடி பொசுங்கும் வாசம்.
துளை நடுவில் விழவில்லை,
ஒரு நூல் இடப்பக்கம்.
தூளை ஊதிவிட்டுக்
கண்ணருகே கொண்டுபோகிறேன்.
தெரிகிறது
தொட்டியின் விளிம்பு,
மாலினியின் பச்சைத் துப்பட்டா,
அது காயும் கொடியில்
முடிச்சுக்கு அப்பால் தொங்கும்
ஒரு முழம் கயிறு.