வந்த வழி

யூவாஸ்கூலா. பிப்ரவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
ஏரியில் மீன்பிடிக்கும் ஹில்க்கா
கையுறையைக் கழற்றி என் மேசையில் வைக்கிறாள்.
கூடவே வந்த செதில் ஒன்று
குழல்விளக்கில் மின்னுகிறது.
"கட்டைவிரல் மட்டும் போதுமா?"
போதும்.

முதல் முறை:
முப்பது பாகையில் விரலைப் பூட்டுகிறேன்.
அசையாமல் அழுத்து.
எழுபத்திரண்டு நியூட்டன்.
திரையில் கோடு நேராக ஓடுகிறது.

இரண்டாம் முறை:
விரித்த இடத்திலிருந்து இழுத்துக்கொண்டே வா,
தசை சுருங்கச் சுருங்க
அதே முப்பதில் வந்து நில்.
அதே விரல், அதே நீளம், பல்லைக் கடிக்கும் அதே முனைப்பு.
அறுபத்தொன்று.
காத்திருக்கிறோம். கோடு கொஞ்சம் ஏறுகிறது,
பிறகு மறுத்துவிடுகிறது.

"களைப்பா?"
இதற்குக் களைப்பு என்று பெயரில்லை.
முதலிலேயே அங்கிருந்த தசைக்கும்
பாடுபட்டு அங்கே வந்துசேர்ந்த தசைக்கும்
ஒரே இடத்தில் ஒரே பலம் இல்லை.
மெல்ல வந்தால், சுமையோடு வந்தால்
இன்னும் குறையும்.
ஏன் என்று மட்டும் கேட்காதே.
இழைகளுக்குள் என்ன முறுகுகிறது என்பதில்
எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

சிரிக்கிறாள்.
"பனிக்கட்டிக்கு அடியிலிருந்து வலையை இழுக்கும்போது
கயிறு நெஞ்சுக்கு வந்ததும் பிடி இளகும்.
அங்கேயே முக்கிக்கொண்டு நின்றால் திரும்பாது.
ஒரு நொடி, முழுசாக விட்டுவிட வேண்டும்.
பாதி விட்டால் பிரயோசனமில்லை.
விட்டுப் பிடித்தால் சரியாகிவிடும்."

நான் பேனாவை மூடுகிறேன்.
மூன்றாம் முறை அதுதான்;
தாள் இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது.

விடு. கோடு சுழியத்தில் விழுகிறது.
பிடி.
எழுபத்தொன்று.

"நீ விடுகிற அந்த நொடி, வலை யார் கையில்?"
"சாய்மி கையில். என் பழைய நாத்தனார்.
விவாகரத்தில் வீடு அவனுக்குப் போயிற்று,
வலை எனக்கு வந்தது.
இவளும் என் பக்கம் வந்துவிட்டாள்."

பயணப்படிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
அவள் போன பிறகு
என் கட்டைவிரலை உள்ளே பூட்டிப் பார்க்கிறேன்.
இழுக்கிறேன். வந்து நிற்கிறேன்.
பதிவுப் பொத்தான் எதிர்ச் சுவரில்,
ஒற்றை ஆளுக்கு எட்டாத தூரத்தில்.
செதில் இன்னும் மேசைமேல்.

தாழ்வாரத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று
குரல் கொடுக்கிறேன்,
இன்னும் விடாமல்.